துப்பறியும் தொடர்களும் இரண்டாவது பொட்டலமும்

சரவணம்பட்டி,
5.6.1996, புதன்கிழமை,
பிற்பகல் 1.40

பெருமதிப்புக்குரிய மச்சான் நாச்சிமுத்து அவர்களுக்கு, தங்கச்சி வீட்டுக்காரன் செங்கோடன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

முதலில் கடைசியாகக் கிடைத்த செய்தி. பிரவீனாவின் சம்பந்தம் இன்னும் முறியவில்லை. சொன்னவர் மாப்பிள்ளையின் தாயார் சாந்தாமணி. இன்று காலை 11.15 மணிக்கு என் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே வரச் சொல்லியும் வராமல், என்னிடம் நேரில் சொன்னார்: "வெள்ளிக்கிழமை காலையில ஒம்போது மணி வரைக்கும் பொறுத்துப் பாக்கறனுங்கண்ணா. அதுக்குள்ள மரியாதையா ஒரு பதில் வரலீன்னா, அன்னூர்ல இருந்து வந்த ஜாதகத்துக்குச் சரின்னு சொல்லிப்போடுவேன்." துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த உங்கள் தங்கை ரங்கநாயகியும் இதைக் கேட்டாள். ஐந்து நிமிடத்துக்குள் நோட்டில் எழுதிவிட்டேன், வார்த்தை மாறவில்லை.

இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க மனம் வருகிறது. நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் இடது காலும், எனக்குத் தங்கச்சி முறையான உங்கள் வீட்டம்மா பூவாத்தாளும், மகள் பிரவீனாவும், எண்ணெய் மில்லும் சுகமாக இருக்க வேண்டும். நேற்றே இதையெல்லாம் போனில் பேசப் பார்த்தேன். "வாயால சொல்றது செல்லாதுங்க மச்சான், எழுத்துல குடுங்க" என்று வைத்துவிட்டீர்கள். ஒரு நாளிதழில் முப்பத்தொரு வருடம் போலீஸ் செய்தி எழுதி ஓய்வு பெற்றவனிடம் வாக்குமூலம் கேட்டிருக்கிறீர்கள். சரி, எழுதுகிறேன். நான்கு மணி காங்கேயம் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தொடக்கம் என்னுடையது, அதை மறுக்கவில்லை. ஏப்ரல் 22ஆம் தேதி மில் களத்தில் எண்ணெய் சிந்திய இடத்தில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டீர்கள். டாக்டர் எட்டு வாரம் மாவுக்கட்டு என்றார். கலர் டிவியைக் கட்டிலுக்கு எதிரே நகர்த்தி, கேபிளும் இழுத்துவிட்டு எனக்குப் போன் செய்தீர்கள். "எலக்சன் நியூஸ் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சுங்க. நீங்க கொலை, கொள்ளை எல்லாம் கிட்ட நின்னு பாத்தவரு. ஊட்ல உக்காந்து பாக்கற மாதிரி துப்பறியற தொடர் நாலு சொல்லுங்க." நாலு தேறவில்லை. மூன்றுதான் தேறின. ஏப்ரல் 26ஆம் தேதி இன்லேண்டில் எழுதிப் போட்டேன், நகல் என்னிடம் இருக்கிறது.

முதலாவது, செவ்வாய் இரவு எட்டரைக்கு வரும் 'சாட்சி சொன்ன கடிகாரம்'. அதில் இன்ஸ்பெக்டர் துப்பாக்கியையே எடுப்பதில்லை. யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறார். நிஜமான போலீஸ் வேலையில் பாதி அதுதான் என்பதால் சிபாரிசு செய்தேன். இரண்டாவது, வியாழக்கிழமை 'மறுபக்கக் கதவு'. ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் இரண்டு அறையில் கேட்கிறார்கள். பதில் எங்கே இடிக்கிறதோ அங்கே கதை திறக்கிறது. நடிப்பு சுமார், ஆனால் பின்னணி இசை காதைக் கிழிப்பதில்லை. மூன்றாவது, சனிக்கிழமை 'கூடையில் கிடந்த காகிதம்'. கிடைத்த பொருளை உறையில் போட்டு, எண் எழுதி, சாட்சி வைத்த பிறகுதான் அதைப் பற்றி வாயே திறக்கிறார்கள். இவ்வளவு ஒழுங்கான தொடர் நான் வேறு பார்த்ததில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "பார்த்து முடிந்ததும் டிவியை அணைத்துவிடவும்." அந்த வரியை மட்டும் உங்கள் வீட்டில் யாரும் படிக்கவில்லை என்று தெரிகிறது.

மாப்பிள்ளை அருள்குமாரின் ஜாதகத்தைக் கொண்டுவந்ததும் நான்தான். என் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான், பம்புக்கு உதிரி பாகம் கடைகிறான். அப்பா இல்லை. அம்மா ஒற்றை ஆளாக வளர்த்த பையன். மே 19ஆம் தேதி அம்மாவும் மகனும் காங்கேயம் வந்து பிரவீனாவைப் பார்த்தார்கள். நானும் ரங்கநாயகியும் கூட இருந்தோம், ஆகவே நடந்ததற்கு நானே சாட்சி. மாப்பிள்ளை உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை, கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்தபடி நீங்கள் கேட்டீர்கள்: "போன செவ்வாக்கிழமை சாயங்காலம் நாலு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் எங்கிருந்தீங்க தம்பி?"

"பட்டறையிலதானுங்க."

"பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"லேத் மிசின்தானுங்க இருந்துச்சு. அது நின்னா எனக்குத் தெரியும், நான் நின்னா அதுக்குத் தெரியும்."

பையன் சிரித்தான், நீங்கள் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற தங்கச்சி பூவாத்தாள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு நான் வாங்கிப் பார்த்தேன். "3.42 காப்பி வந்தது. 3.44 மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். 3.44 பிரவீனாவும் பார்த்தாள். 3.45 இருவரும் குனிந்துகொண்டார்கள்" என்று இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு துல்லியமான குறிப்பை எந்த ஏட்டும் எழுதி நான் பார்த்ததில்லை, அதைப் பாராட்டியே ஆக வேண்டும். அதோடு விட்டிருக்கலாம். சாந்தாமணியை அடுப்படிக்குக் கூட்டிப்போய்த் தங்கச்சி கேட்டாள், பையனைக் கூடத்தில் வைத்து நீங்கள் கேட்டீர்கள், இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி: வீட்டைச் சுற்றி எத்தனை தென்னை மரம்? அம்மா பதினாலு என்றார். மகன் பதிமூன்று என்றான். என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டு, "ஒரு மரம் இடிக்குதுங்க மச்சான்" என்றீர்கள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. வீட்டின் மேல் ஒரு மரம் முறிந்து விழுந்திருந்தால்கூட அப்படிப் பதறியிருக்க மாட்டீர்கள். சாந்தாமணி காதிலும் விழுந்துவிட்டது. "ஒண்ணைக் கரண்டுக் கம்பிக்காகப் போன வாரம் வெட்டிப்போட்டாங்க. பையன் அதுக்கப்புறம் எண்ணியிருப்பான், நான் எண்ணலீங்க. நாம மரத்தையா கட்டிக் குடுக்கறோம்?" என்று சிரித்துவிட்டுப் போனார். சிரித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த வாரம் நீங்கள் வேவு பார்க்க அனுப்பிய மில் மேஸ்திரி சின்னான் சாந்தாமணி வீட்டுக் குப்பைக் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடித்தவரும் அவர்தான். உட்கார வைத்துக் காப்பி கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். சின்னான் உங்களிடம் கொடுத்த அறிக்கையில் "காப்பி நல்லா இருந்துச்சுங்க" என்பதைத் தவிர வேறு தகவல் இல்லை.

இப்போது ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உங்கள் குலத்தில் கோயிலில் பூக் கேட்காமல் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை. வெள்ளரளியை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை ஒரு பொட்டலத்திலும் கட்டி அம்மன் முன்னால் வைப்பீர்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை, அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்கள். இது உங்கள் பாட்டனார் காலத்திலிருந்து இருக்கும் வழக்கம். ஆனால் 'கூடையில் கிடந்த காகிதம்' சனிக்கிழமைதோறும் பார்த்த வீட்டில் பொட்டலம் சும்மா போகுமா. மில் பில் புத்தகத்தில் இரண்டு தாள் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பூ வைத்து மடித்து, பசை ஒட்டி, ஒட்டிய இடத்தில் மில்லின் ரப்பர் முத்திரையைக் குத்தித் தங்கச்சி தட்டில் வைத்தாள். அப்போது நீங்களும் நானும் பார்த்தோம்: ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. மடித்த பிறகு எது எது என்று யாருக்கும் தெரியாது. கோயிலில் நடந்ததை எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கும் மகஜர் தயாரிக்க வேண்டும் என்று பில் புத்தகம், பசை, முத்திரை, மைப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, "நீங்கதானுங்க பொதுவான ஆளு" என்று என்னிடம் கொடுத்தீர்கள்.

ஒன்பது மணிக்குக் கோயில் சேர்ந்தோம், சாந்தாமணியும் அங்கே வந்திருந்தார். உங்களை நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். மற்றவர்கள் இறங்கிக் கால் கழுவப் போனார்கள். தட்டோடு நான் காரிலேயே இருந்தேன், 9.20க்குப் பூசாரி வந்து வாங்கிப்போகும் வரை. அவர் எடுத்த பொட்டலத்தில் வெள்ளை. ரங்கநாயகி குங்குமச் சிமிழைத் திறந்தாள். பிரவீனா தூணைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். அத்தோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் நாம். நீங்கள் நாற்காலியில் இருந்தபடி, "இன்னொன்னையும் பிரிங்க" என்றீர்கள்.

பூசாரி, "அதைப் பிரிக்கற வழக்கம் இல்லீங்க" என்றார்.

"சாட்சியம் முழுசா வேணுமுங்க."

"அம்மன் கிட்டயாங்க சாட்சியம் கேக்கறீங்க?"

நீங்களே கையை நீட்டி எடுத்துக் கிழித்தீர்கள். அதிலும் வெள்ளை. பூசாரி மணியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நீங்கள் மட்டும் தெளிவாக இருந்தீர்கள். இரண்டு தாளையும் தனித்தனி உறையில் போட்டு, சான்று 1, சான்று 2 என்று எழுதி, என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டீர்கள்.

அடுத்த நாள் சாந்தாமணிக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தை அவர் இன்று என் கையில் கொடுத்தார். "9.05 முதல் 9.15 வரை தாங்கள் எங்கிருந்தீர்கள், தங்களைப் பார்த்த சாட்சி யார் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்." கீழே மில் முத்திரை. பெண் கேட்டு வந்த அம்மாளுக்கு இப்படி ஒரு தாக்கீது போனதாக நம் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. பூவாத்தாளின் நோட்டில் அந்தப் பத்து நிமிடம் சாந்தாமணியைக் காணவில்லை என்று இருக்கிறது, இந்தச் சம்பந்தத்தில் ஆதாயம் அவருக்குத்தான் அதிகம், ஆகவே சிவப்பை எடுத்துவிட்டு வெள்ளையை வைத்தவர் அவர்தான் என்பது உங்கள் முடிவு. தொடரில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். நிஜத்தில் சரியில்லை. வீட்டில் மடிக்கும்போது இரண்டு நிறமும் இருந்தன, நாம் பார்த்தோம். கோயிலுக்குள் பத்துப் பேர் கண் அந்தத் தட்டின் மேல் இருந்தது. நடுவில் இருபது நிமிடம் தட்டு காரில் இருந்தது, அந்த இருபது நிமிடமும் காரின் பக்கத்தில் யாரும் வரவில்லை. "நீங்க கண்ணசந்துட்டீங்க மச்சான்" என்று நேற்றும் சொன்னீர்கள். நான் கண்ணசரவில்லை. இதைக் கற்பூரம் அடித்துச் சொல்வேன். ஆகவே சாந்தாமணி செய்திருக்க முடியாது. பிறகு யார் என்றால், தன் பெயரைச் சொல்லி முன்வந்தவர் இந்த நிமிடம் வரை யாருமில்லை. பெயர் இல்லாத ஆதாரத்தை வைத்து நான் இதுவரை செய்தி எழுதியதில்லை.

அந்தப் பத்து நிமிடம் சாந்தாமணி எங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியும். நேற்று மாலை பிரவீனா எஸ்டிடி பூத்திலிருந்து போன் செய்தாள். "கோயிலுக்குப் பின்னால குழாயடியில என்கூடத்தானுங்க மாமா நின்னுட்டு இருந்தாங்க. என் பையனை உனக்குப் புடிச்சிருக்குதா கண்ணு, இல்லீன்னா இப்பவே சொல்லு, பூவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு கேட்டாங்க. புடிச்சிருக்குதுங்கன்னு சொன்னேன்." இதை உன் அப்பாவிடம் சொல்லலாமே அம்மணி என்றேன். பிறகு சொன்னாள்: "அப்பா எல்லாரையும் கேட்டாருங்க மாமா. மேஸ்திரியைக்கூடக் கேட்டாரு. என்னைத்தான் ஒரு வார்த்தை கேக்கலீங்க." அவள் அழவில்லை, அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இதே விஷயத்தை இன்று சாந்தாமணியிடம் எடுத்தேன், பிரவீனாவே சாட்சி இருக்கிறாளே, எழுதிக் கொடுத்துவிடலாமே என்று. "கட்டிக்கிட்டு வரப்போற பொண்ணைச் சாட்சிக் கூண்டுல ஏத்தறதுக்கு நான் வரலீங்கண்ணா" என்றார். அப்புறம் போகும்போது ஒன்று சொன்னார். "உங்க மச்சான் பாக்கற தொடரெல்லாம் நானுந்தானுங்க பாக்கறேன். யாரு மாத்துனாங்கன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியவிங்க சொல்லட்டும்." கேட்டின் கொண்டியை அவரே மாட்டிவிட்டுப் போனார். யாரைச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மச்சான், நான் கேட்பது இதுதான். அந்தத் தாக்கீதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தங்கச்சியை விட்டு சாந்தாமணிக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள், கோவிச்சுக்காதீங்க அம்மணி என்று ஒரு வார்த்தை போதும், அந்தம்மாள் அதற்கு மேல் எதிர்பார்க்கிற ஆள் இல்லை. விசாரணையை மூடிவிடுங்கள். எல்லா வழக்கிலும் ஆள் பிடிபட வேண்டும் என்று சட்டம் இல்லை, நான் எழுதியதில் பாதி வழக்கு பிடிபடாமலேதான் கிடக்கிறது, ஊர் ஓடிக்கொண்டுதானே இருக்குதுங்க. கடந்த ஏப்ரல் 26ஆம் தேதி நான் எழுதிய சிபாரிசு மூன்றையும் இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். கால் சரியாகும் வரை தென்னைக்கு உரம் வைப்பது பற்றி வரும் நிகழ்ச்சியைப் பாருங்கள், அதில் யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை.

உங்கள் கால் கூடிவரவும், மில் செக்கு நிற்காமல் ஓடவும், பிரவீனா நினைத்த இடத்தில் நல்லபடியாக அமரவும் உங்கள் குலசாமியை வேண்டிக்கொள்கிறோம். பூவாத்தாளுக்கு ரங்கநாயகியின் அன்பு. சின்னானை நான் விசாரித்ததாகச் சொல்லவும். விசாரித்தேன் என்றால் சுகம் விசாரித்தேன் என்று தெளிவாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
ஆ. செங்கோடன்

பின்குறிப்பு (திருத்தம்), பிற்பகல் 3.05:

உறையில் போடும் முன் ரங்கநாயகி இதை வாங்கி முழுதும் படித்தாள். படித்துவிட்டு, "காரு பக்கத்துல யாரும் வரலை, நீங்களும் தூங்கலைன்னு எழுதியிருக்கறீங்க. எங்கண்ணனுக்குப் புரியாது. பூவாத்தா நங்கைக்குப் புரிஞ்சுபோகும்" என்று சொல்லி என் முகத்தையே பார்த்தாள். ஆகவே மேலே "முன்வந்தவர் யாருமில்லை" என்று எழுதியதைத் திருத்தி வாசிக்கவும். நான்தான்.

காரை விட்டு இறங்கும்போது பிரவீனா தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இந்தப் பிள்ளையைக் கேட்காமல் அரளியைக் கேட்கிறோமே என்று தோன்றியது. கார் நின்றது வெள்ளரளிச் செடிக்குப் பக்கத்தில், ஜன்னல் வழியாகக் கை எட்டியது. 9.07க்கு ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன், அதில் சிவப்பு இருந்தது. பில் புத்தகமும் பசையும் முத்திரையும் என் மடியில்தான் இருந்தன. 9.11க்கு வேலை முடிந்தது. இரண்டாவது பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் செய்தது. சாந்தாமணி மேல் ஒரு குற்றமும் இல்லை. தண்டனை எதுவானாலும் எனக்கு. கழற்றிய செவ்வரளியும் அது இருந்த தாளும் இந்த உறைக்குள் இருக்கின்றன. எண் நீங்களே போட்டுக்கொள்ளவும்.

பூசாரி முதலில் எடுத்துக் கொடுத்தது எந்தப் பொட்டலம் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் நான் கண்ணை மூடியிருந்தேன். ஆனால் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தங்கச்சி மேஜை மேல் வைத்துக் குத்திய முத்திரை நேராக விழுந்தது. நான் தொடை மேல் வைத்துக் குத்தியது சாய்ந்து, கடைசி இரண்டு எழுத்து மங்கிப்போயிற்று. பூசாரி எடுத்த அந்தத் தாள், சான்று 1, உங்கள் பீரோவில் இருக்கிறது. முத்திரை நேராக இருந்தால் அம்மன் கொடுத்தது அசல் வெள்ளை. சாய்ந்திருந்தால் நான் கொடுத்தது. பொருளை உறையில் போட்டு வைத்ததால்தான் இந்த வழி மிஞ்சியிருக்கிறது, ஆகவே திரும்பப் பெற்ற சிபாரிசுகளில் மூன்றாவதை மட்டும் மறுபடியும் கொடுக்கிறேன்.

பீரோவைத் திறக்கலாமா வேண்டாமா என்று முதலில் பிரவீனாவைக் கேளுங்கள். அவள் பதிலும், அதற்கு அப்புறம் உங்கள் பதிலும்தான் நிலுவை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் எதிர்பார்க்கிறோம். நான் எட்டு மணியிலிருந்தே போன் பக்கத்தில் இருப்பேன். சாந்தாமணியையும் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். வருவதாக இன்னும் சொல்லவில்லை.